முத்துசெல்வி கேட்டு வாங்கிய கைநாட்டு

முத்துசெல்வி சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருஷம் முடிந்திருந்தது. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். மந்தித்தோப்பு ரோட்டில் ஒரு மாடி அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தாள். பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கு சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிவிடுவாள். அங்கே அப்பா ராமசுப்புவும் அம்மா வெள்ளைத்தாயும் முப்பது ஆடுகளோடும், வானம் பார்த்த மூன்று ஏக்கர் கரிசலோடும் இருந்தார்கள்.

அவளுடைய ஆய்வு பருப்பைப் பற்றியது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு உளுந்து, எவ்வளவு துவரை வாங்குவது என்று அரசாங்கங்கள் எப்படிப் பேசி முடிக்கின்றன என்பதைப் பற்றி. இந்த விஷயத்தை அவள் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அவள் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வருஷம் உளுந்து விலை தரைக்கு வந்துவிட்டது. ராமசுப்பு ஒரு மாதம் டீக்கடைப் பேப்பரிலிருந்து செய்திகளை வெட்டி எடுத்து, அதிலிருந்த புள்ளிவிவரங்களை எல்லாம் சேர்த்து, கலெக்டருக்கு நாலு பக்கத்தில் மனு எழுதினார். எழுதி முடித்த கையோடு மகளுக்குப் போன் போட்டார்.

“செல்வி, பர்மாவுல இருந்து உளுந்து வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அத வாங்கணும்னு யாரும் யாரும் பேசுதாவ? எங்கன உக்காந்து பேசுதாவ? நீ அதானட்டி படிக்க?”

அவளுக்குப் பதில் தெரியவில்லை. தேடப் போனதுதான் ஐந்து வருஷ ஆராய்ச்சியாக முடிந்தது.

ராமசுப்பு பழைய பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் ஆள் இல்லை, ஆட்டுக்குப் பின்னால் போகத்தான் ஆள் தேவைப்பட்டது. ஆனாலும் ஊரில் முதியோர் பென்ஷனா, பயிர்க் காப்பீடா, பட்டா மாறுதலா, எல்லா மனுவும் அவர் கையால்தான் போகும். எழுத்து ஒவ்வொன்றும் நிறுத்தி வைத்தது போல இருக்கும். கையெழுத்தை மட்டும் இங்கிலீஷில் போடுவார், கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் ஒரு கோடாக இழுத்து.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷ ஃபெலோஷிப் அறிவிப்பு வந்தபோது முத்துசெல்விக்கு அது கடைசி வாய்ப்பு. பட்டம் வாங்கி ஏழு வருஷத்துக்குள் இருப்பவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். எட்டு இடம், உலகம் பூராவும் இருந்து ஆயிரம் பேருக்கு மேல் போட்டி. மூன்று மாதம் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. ஐந்து பக்க ஆய்வுத் திட்டத்தைப் பதினேழு முறை திருத்தினாள். அவளை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்து அங்கிருந்த ஒரு பேராசிரியை கடிதம் கொடுத்தார். பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்ற டெல்லிப் பேராசிரியரை நாலு தடவை ஞாபகப்படுத்தினாள். மாதவாரியாகக் கால அட்டவணை, பிரசுரமான கட்டுரை ஒன்று எல்லாம் தயார்.

மிச்சமிருந்தது, தன்னைப் பற்றி எண்ணூறு வார்த்தை எழுதுவது.

அதை எழுதி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஃபெலோஷிப் வாங்கிப் போன பிரேமாவுக்கு அனுப்பினாள். பிரேமா டெல்லியில் அவளோடு விடுதியில் இருந்தவள். மறுநாளே போன் வந்தது.

“திட்டம் ரொம்ப நல்லா இருக்கு செல்வி. ஆனா உன்னைப் பத்தி எழுதினது வெறும் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கு. ஆயிரம் பேரோடதைப் படிக்கிறவங்க உன்னோடதுல ஏன் நிக்கணும்? அப்பா ஆடு வளர்க்கிறவர்னு ஒரே வரி. அதை இன்னும் விரிச்சு எழுது.”

பிரேமா பொய் எழுதச் சொல்லவில்லை. பின்னால் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் முத்துசெல்வியால் பழியை அவள்மேல் போட முடியவில்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினாள். ‘என் தந்தை எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆட்டிடையர்’ என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் விழுந்தது. அதற்கு அடுத்தது இன்னும் எளிதாக வந்தது. விலை ஏன் விழுந்தது என்று புரியாமல் அவர் திகைத்து நின்றதாகவும், பேப்பரில் இறக்குமதிச் செய்தியைப் படித்து அவருக்குத் தான் விளக்கிச் சொன்னதாகவும், அந்த நாளில்தான் இந்த ஆய்வு பிறந்ததாகவும் எழுதினாள். படித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. முகம் சுட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒரு கால்புள்ளியை மட்டும் திருத்தினாள். பிரேமா, “இப்பதான் உயிர் இருக்கு” என்று பதில் போட்டாள்.

விண்ணப்பத்தோடு இன்னொரு படிவமும் இருந்தது. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு. அதற்குத் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டும். அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் முத்துசெல்விக்கு உறைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வால் நீட்டி இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவாரா?

மெயின் ரோட்டில் ஒரு கடையில் ரேகை வைக்கும் மைப்பேடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அது புரட்டாசிக் கடைசி. ஊரில் உளுந்து விதைப்பு. அவள் நேரே காட்டுக்குப் போனாள். முந்தின நாள் மழையில் கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். உடைமரத்தடியில் அப்பாவும் அம்மாவும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜெர்மனிக்காரன் கேட்ட தாளா? கொண்டா” என்று ராமசுப்பு கையைத் துடைத்துக்கொண்டார். “பேனா எங்கட்டி?”

“பேனா வேண்டாம்ப்பா. கைநாட்டு வச்சாப் போதும்.”

வெள்ளைத்தாய் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். “யாருக்குக் கைநாட்டு? உங்கப்பாவுக்கா?”

ராமசுப்பு படிவத்தைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து மெதுவாகப் படித்தார். “இங்கன சிக்னேச்சர்னுல்லா போட்டிருக்கு?”

“வெளிநாட்டுல இப்பம் எல்லாம் ரேகைதான்ப்பா. அதான் செல்லும்.”

சொல்லும்போது அவள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படிவத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“நான் படிக்காதவன்னு எழுதிருக்கியாத்தா?”

அவள் பையிலிருந்து மைப்பேட்டை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“சும்மாதான் கேட்டேன்” என்றார். “அப்பிடி எழுதுனாத்தான் கெடைக்கும்னா எழுது.”

ஊரில் எத்தனையோ பேரின் விரலைப் பிடித்து மனுவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதனால் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடது பெருவிரலில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் தேய்த்தார், மையில் ஒற்றினார், ஓரத்திலிருந்து உருட்டி ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்தார். துளிகூட மை பரவவில்லை. பிறகு விதைப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

“அவிய ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்காவ” என்றாள் வெள்ளைத்தாய். “நல்லாருக்குட்டி ஒன் படிப்பு.”

அன்று பஸ்ஸில் கோவில்பட்டி வரும்வரை முத்துசெல்வி அந்தத் தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. கட்டுரையை மாற்றிவிடலாம், திரும்பப் போய் ஒழுங்கான கையெழுத்து வாங்கலாம் என்று தினமும் நினைத்தாள். நாலாம் நாள் மத்தியானம், இரண்டு வகுப்புகளுக்கு நடுவில், எல்லாவற்றையும் அப்படியே ஏற்றி அனுப்பிவிட்டாள். அதற்கு அவள் எந்தச் சாக்கும் சொன்னதில்லை. வேண்டும் என்று தோன்றியது, அனுப்பினாள், அவ்வளவுதான்.

தை மாதத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கணினித் திரையில் நாலு பேர். அரை மணி நேரம் ஆய்வைப் பற்றிக் கேட்டார்கள். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு அவள் சொன்னதை இரண்டு பேர் குறித்துக்கொண்டதைக்கூடப் பார்த்தாள். முடிக்கும் நேரத்தில், தலைமை தாங்கிய நரைத்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்பாகச் சொன்னார்:

“உங்கள் தந்தையின் விரல் ரேகையைப் பார்த்தோம். எங்கள் எல்லோரையும் அது உலுக்கிவிட்டது. படிக்கத் தெரியாத ஒருவருக்கு இந்த ஒப்பந்தங்களை எப்படி விளக்கினீர்கள்?”

இதற்கும் அவளிடம் பதில் இருந்தது. கட்டுரையில் எழுதியதைத் திருப்பிச் சொன்னால் போதும். வாயைத் திறந்தாள்.

“என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியும்” என்றாள். “எனக்கு விளக்கியதே அவர்தான்.”

ஒருவர் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்மணி, பின் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருக்கலாமே என்று முத்துசெல்விக்கு இருந்தது.

“அப்படி இருந்தால்தான் கொடுப்பீர்கள் என்று நினைத்தேன்.”

“படிவத்தில் நாங்கள் கேட்டது, கல்லூரிக்குப் போனாரா என்று மட்டும்தான்” என்றார் அவர்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஆய்வுத் திட்டம் முதல் வரிசையில் இருந்ததாகவும், அளித்த தகவல் உண்மையல்ல என்பதால் பரிசீலிக்க இயலவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவள் அதை ஒரே ஒருமுறைதான் படித்தாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது ராமசுப்பு தொழுவில் ஒரு ஆட்டைக் கிடத்திக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவள் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னாள். எழுதிய பொய்யைச் சொன்னாள். கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் சொன்னாள். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றபோது, அப்பாவின் முகம் கொஞ்சமாவது தெளியும் என்று எதிர்பார்த்தாள் என்பதை அந்த நேரத்தில்தான் அவளே உணர்ந்தாள்.

அவர் கத்தியை நிறுத்தினார்.

“அத ஏன்ட்டி அங்கன போயிச் சொன்ன?”

“எழுதுனது பொய்யாச்சேப்பா.”

“பொய்யின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான கைய வச்சேன்.” அவர் குரல் உயர்ந்தே அவள் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை. “ஒனக்கு ஆகட்டும்னு வச்சேன். இப்பம் ஒனக்கும் ஆகல. நான் வச்சதும் வச்சதாப் போச்சு.”

அவமானப்படுத்தியதும் அவள்தான், அவர் விழுங்கிக்கொண்டதை ஒன்றுமில்லாமல் ஆக்கியதும் அவள்தான். ராமசுப்பு மீதிக் குளம்புகளையும் வெட்டி முடித்து ஆட்டைத் தட்டி எழுப்பிவிட்டார்.

அடுத்த வருஷம் சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருஷ இடம் அவளுக்குக் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி ஆறே வரி எழுதினாள். புறப்படும் அன்று ராமசுப்பு கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சினை ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் அன்று காலையிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். வண்டி வரும் அறிவிப்பு கேட்டது. அவர் எழுந்து பெரிய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

“தண்ணி எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டார்.

“எடுத்துக்கிட்டேன்ப்பா” என்றாள்.