பட்டன்களுக்குப் பெயர் கேட்டேன்

1. மதுரையில் கணினிப் பயிற்சி முடித்து, சென்ற ஆவணியில் கொடைக்கானல் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் பள்ளங்கிக்குத் திரும்பினேன்.
2. கொடைக்கானலில் பல விடுதிகளில் வேலை கேட்டேன். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.
3. புரட்டாசியில் ஒரு விடுதி, அறை முன்பதிவு வேலைக்கு என்னைச் சோதனையாகச் சேர்த்துக்கொண்டது.
4. தீபாவளிக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் அறையைத் தவறுதலாக ரத்து செய்துவிட்டேன்.
5. முருகன் வழி திறந்தான்.

அடியார்களே, எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் வேலை செய்கிறேன். நேர்காணலிலேயே மேலாளர் கேட்டார்: "ஏம்மா, போன்ல ஒருத்தர் 'ரூம்ல இருந்து வியூ தெரியுதா'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"இப்ப மேகம் இறங்கிக் கெடக்குங்க சார். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சிரித்துவிட்டார். அப்படித்தான் வேலை கிடைத்தது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. விடுதியின் முன்பதிவு மென்பொருளில் பட்டன்களுக்குப் பெயர் வைக்கவில்லை. சேமிக்கும் இடத்திலும் "பட்டன்" என்றே என் காதில் ஒலிக்கும். ரத்து செய்யும் இடத்திலும் "பட்டன்"தான். வரிசையை மனப்பாடம் செய்து சமாளித்தேன். அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியபடியே இருந்தேன். பதில் இல்லை. தீபாவளிக்கு முன் மென்பொருளைப் புதுப்பித்தார்கள், வரிசை மாறியது. எனக்கு அது தெரியாமல், சேமிப்பதாக நினைத்து ஒரு பதிவை ரத்து செய்துவிட்டேன். கைக்குழந்தையோடு வந்த குடும்பம் குளிரில் வாசலில் நின்றது.

"இந்தக் கூட்டம் ஓயட்டும்மா. அப்புறம் நீ வர வேண்டாம்," என்றார் மேலாளர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. இது போனால் மலையில் வேறு யாரும் என்னை நம்பமாட்டார்கள்.

மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கியது. அம்மாவும் நானும் விளக்கின் முன் உட்கார்ந்தோம்.

"கண்ணக் கேளு தாயி. கண்ணு வந்தா சோலி தன்னால வரும்," என்றார் அம்மா.

"கண்ண நீ கேளும்மா. நான் பட்டனுக்குப் பேரு கேக்குறேன்."

"சாமிகிட்ட கேக்குற வரமாடி இது?"

"எனக்கு இப்ப வேண்டியது அதுதாம்மா."

அழுதுகொண்டே கேட்டேன். எழுந்து, பெயரில்லாத ஒவ்வொரு பட்டனும் எந்தப் பக்கத்தில், எத்தனையாவதாக வருகிறது என்று எழுதி மீண்டும் மின்னஞ்சல் அனுப்பினேன்.

சூரசம்ஹாரத்தன்று போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண். மென்பொருளை எழுதும் குழுவில் இருப்பவர்.

"உங்க மெயில் இன்னிக்குத்தாங்க என் கைக்கு வந்துச்சு. இத கண்ணால பாக்காம காதால கேட்டும் வேலை செய்வாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்லீங்க. லைன்லயே இருங்க, ஒண்ணொண்ணா சரி பண்ணிடலாம்."

அன்று மாலையே கணினி என் காதில் "சேமி" என்றது. அடுத்து, "ரத்து செய்". மேலாளர் அருகில் உட்கார்ந்து, பதிவு போடச் சொன்னார், மாற்றச் சொன்னார், ரத்து செய்யச் சொன்னார். ஒன்றும் பிசகவில்லை.

"சரி, நாளைக்கு வெள்ளனே வந்துரு," என்றார்.

எத்தனையோ மின்னஞ்சல்களுக்கு நடுவே என்னுடையதை அந்தப் பெண்ணின் கையில் சேர்த்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களுக்கு எது வேண்டுமோ, அதைச் சிறியதென்று கூசாமல் முருகனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் பங்கைச் செய்யுங்கள்.

இன்றைய நிலை இது. என் வேலை நிரந்தரமாகிவிட்டது. என்னோடு பயிற்சி முடித்த, பக்கத்து மலைக்கிராமமான அடுக்கத்துத் தோழிக்கும் பார்வை இல்லை, இன்னும் வேலையும் இல்லை. எங்கள் விடுதியில் அடுத்த இடம் காலியாகிறது. மேலாளரிடம் அவளைப் பற்றிப் பேசிவிட்டேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.