வேறு கை படாத கம்ப்ரசர்

இராமேஸ்வரத்தில் நானும் என் கணவரும் ஐஸ் கம்பெனி நடத்துகிறோம். பதினேழு வருடமாகக் கம்ப்ரசரைத் தொட்ட ஒரே மெக்கானிக் காதர் பாய்தான். எனக்குக் கூடப் பிறந்தவர் மாதிரி. பழுதானால் மதுரையிலிருந்து சாமான் வரும்வரை இரண்டு நாள் ஐஸ் இல்லாமல் உட்கார்ந்திருப்போம். அதைத் தப்பென்றே நினைத்ததில்லை. இராமநாதபுரத்தில் புதிதாகச் சர்வீஸ் கம்பெனி திறந்தவர்கள் வந்து, மாதாமாதம் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கேட்டிலேயே திட்டி அனுப்பினேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஐஸ் இல்லையென்றால் படகுக்காரர்கள் வேறு இடம் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். பாயோ மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். போன் செய்தேன்.

"அந்தப் புதுப் பயலுகளக் கூப்பிடு தங்கச்சி."

"வேற ஆளு கை வைக்க விடமாட்டேண்ணே. நீங்க வர்ற வரைக்கும் பூட்டி வைக்கிறேன்."

"ஒனக்கென்ன கிறுக்கா? மெஷினுக்கு என்னையத் தெரியுமா? அதுக்கு ஓடணும், அம்புட்டுத்தான். ஐஸ் இல்லாம நீ நின்னாத்தான் எனக்குக் கோவம் வரும்."

வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். வண்டியிலேயே சாமானோடு வந்து, மத்தியானத்துக்குள் ஓடவிட்டார்கள். தேய்ந்த பேரிங்கைக் காட்டி, "மாசாமாசம் பாத்திருந்தா நின்னிருக்காதுக்கா" என்றார்கள். தடை முடிந்த அன்று வழக்கமான எல்லாப் படகுக்கும் ஐஸ் ஏற்றினோம்.

இப்போது மாதாமாதம் அவர்கள்தான் பார்க்கிறார்கள். அதன்பிறகு ஒருநாள்கூட ஐஸ் நிற்கவில்லை. புதிதாக யார் வந்தாலும், என்ன செய்வார்கள் என்று கேட்காமல் நான் கேட்டைச் சாத்துவதில்லை. பாய் வாரம் ஒருமுறை வந்து, டீ குடித்தபடி அவர்கள் வேலையைக் குறை சொல்கிறார். நானும் அவரோடு சேர்ந்துகொள்கிறேன்.