அழகர்சாமியின் ஒற்றைச் சுருதி

என் கணவர் அழகர்சாமியின் குரலுக்கு மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. வீடு பற்றி எரிகிறது என்பதையும் பால் வந்துவிட்டது என்பதையும் ஒரே மாதிரிதான் சொல்வார். முப்பத்தாறு வருஷமாக அந்தக் குரலோடு குடித்தனம் நடத்துகிறேன். என் பொறுமைக்கு யாராவது விருது கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயார்.

எல்லாம் உத்தியோகம் செய்த வேலை. மதுரையிலிருந்து டில்லிக்கு வந்து அரசாங்க குமாஸ்தாவாகச் சேர்ந்தவரை 'கம்பேரிங்'கில் போட்டார்கள். டைப் அடித்த தாளை ஒருவர் பார்த்துக்கொண்டே வர, மூலத்தை இவர் சத்தமாக வாசிக்க வேண்டும். கமா, ஃபுல்ஸ்டாப் உட்பட. உணர்ச்சியோடு வாசித்தால் கேட்பவர் விஷயத்தில் மயங்கிப் பிழையை விட்டுவிடுவாராம். கம்ப்யூட்டர் வந்து அந்த வேலை ஒழிந்தது. குரல் ஒழியவில்லை.

டில்லி துவாரகாவில் எங்கள் வீடு நாலாவது மாடி. இந்தக் கோடையில் லிஃப்ட் நின்றுபோனது. எனக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. இறங்கினால் ஏற முடியாது. சொசைட்டி செயலாளர் சுஷ்மாவைக் கேட்டால், "பார்ட் ஆ ரஹா ஹை ஆன்ட்டிஜி" என்பதோடு சரி. பார்ட் வந்துகொண்டே இருக்கிறதாம். பொதுக்கூட்டத்தில் படிப்பதற்கு இவர் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். அதை என்னிடம் வாசித்துக் காட்ட வந்தார்.

"ரெஸ்பெக்டட் செக்ரட்டரி, கமா..."

"போதும், நிறுத்துங்க! இதைக் கேட்டா லிஃப்ட் இன்னும் நல்லாத் தூங்கிரும். கொஞ்சம் கோவமாப் படிச்சா என்ன?"

"கடைசி பாரா இருக்கு அம்பிகா."

"அச்சா, அப்புறம் கேக்குறேன்."

நாலு நாள் இதே கூத்து.

எங்கள் மகள் மேதா குர்கானிலிருந்து போனில், "அப்பா மோனோடோன்ல படிச்சா யாரும்மா கேப்பாங்க?" என்றாள். அவர் உடனே அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கிரேக்கச் சொல்லு. மோனோஸ்னா ஒண்ணு. டோனோஸ்னா இழுத்துக் கட்டுறது, தந்தியோட இறுக்கம். அதுலருந்து சுருதின்னு அர்த்தம் வந்துச்சு. இறுக்கம் மாறாத தந்தி ஒரே சுருதியத்தான் குடுக்கும்."

இதையும் அதே குரலில்தான் சொன்னார்.

"தந்தின்னா முறுக்குறதுக்கு ஆணி இருக்கும்ல? எங்கன்னு காட்டுங்க, நானே திருகி விடுறேன்" என்றேன். மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழே முற்றத்தில் மைக் வைத்துக் கூட்டம் நடந்தது. நான் பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டேன். கார் நிறுத்தும் இடத்துக்காக ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு இவர் முறை. ரெஸ்பெக்டட் செக்ரட்டரி, கமா. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். லிஃப்ட் நின்ற தேதி, புகார் கொடுத்த தேதிகள் என்று போய்க்கொண்டே இருந்தது. கீழே அவரவர் பேச்சு அவரவருக்கு.

கடைசி பாரா வந்தது.

என் மனைவி தரையை மிதித்து எழுபத்தொரு நாள் ஆகிறது, ஃபுல்ஸ்டாப். என்னைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டு, கமா, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், ஃபுல்ஸ்டாப். நான் சீக்கிரம் திரும்பி வந்தாலும், கமா, குழாய் நிற்கும்வரை படியில் உட்கார்ந்திருக்கிறேன், ஃபுல்ஸ்டாப்.

கீழே எல்லோரும் என் பால்கனியை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "நாளைக்கு மெக்கானிக் வர்றான். சுஷ்மா எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டா."

"ஊரறிய மைக்குல சொல்லணுமா? எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"நாலு நாள் உங்கிட்டதான் வாசிச்சேன். நீ கடைசி பாரா வரைக்கும் வரல."

கோபத்தில் சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று அந்தக் குரலை வைத்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு அதை அவரிடமே கேட்க வெட்கமாக இருந்தது.