வாரா வாரம் நகர்ந்த வெள்ளைக் கோடு

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை ரோட்டில் போகிற லாரியோடு போய்விடும். வண்டிக்குக் கரண்ட் வேலை பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு: பஞ்சர் என்றால் கஸ்டமரே குனிந்து பார்த்துக்கொள்வார், ஒயரில் கோளாறு என்றால் நாம் சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, செங்கல்பட்டில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். லாரி, டிராக்டர், கல்யாண ஊர்வலத்து ஜெனரேட்டர் என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். ஒரு வண்டியில்தான் தலையையே வைத்தேன். சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர் தேடின யாராவது உங்களில் இருந்தால், அவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

பெட்டியில் வந்த கார்

பரமசிவம் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடலோரத்தில் ஒரு ஆராய்ச்சி ஆபீஸில் படம் வரைகிற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் சம்சாரம் கோமதியம்மா செய்யூர்க்காரங்க. அவங்க அப்பா வழியில் வந்த நிலத்தில் சவுக்கு பாதி, மல்லாட்டை பாதி, அதாங்க வேர்க்கடலை. நடுவில் தகரம் போட்ட ஒரு ஷெட்டு. மல்லாட்டை மூட்டை அடுக்கக் கட்டின அந்த ஷெட்டில் சார் ஒரு காரைக் கொண்டு வந்து வைத்தார். காராக வரவில்லை, பதினோரு பெட்டியாக வந்தது. குழாயில் அடித்த கூடு, ரெண்டு சீட்டு, மேலே கூரை கிடையாது. எஞ்சின் மட்டும் அடிபட்ட ஒரு காரிலிருந்து எடுத்தது. கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீச்சுவதும் பொறி விடுவதும் எல்லாம் சின்ன கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றின் வேலை.

ரோட்டில் ஓட்ட இதற்கு நம்பர் தரமாட்டார்கள் என்று சாருக்குத் தெரியும். "தோப்புக்குள்ள ஒரு மைல் மண்ணு ரோடு கெடக்கு, அது போதும் எனக்கு" என்றார். ரெண்டு வருஷமாகக் காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் முழிக்கிறாராம். போன வருஷம் மூட்டையெல்லாம் வெளியில் கிடந்து மழையில் முளைவிட்டதாம். நான் முதல் நாள் போனபோது கோமதியம்மா மோர் கொண்டு வந்து கொடுத்தாங்க. கொடுத்துவிட்டு, சாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "அண்ணே, மல்லாட்டை மூட்டை கட்றதுக்குள்ள இது தன் கால்ல நடந்து வெளிய போவணும். இல்லைனா காயலான் கடை டெம்போ வந்து தூக்கினு போவும்."

ரிப்பன் கடை

கார் பெட்டிகளோடு வந்த ஒயர் மொத்தமும் கறுப்பு. எது எங்கே போகணும் என்று எறும்பு சைஸில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. சார் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார், நான் ஒயரை இழுப்பேன். அவர் டீ குடிக்கப் போனால் வேலை நின்றுவிடும். இது ஆகிற காரியமில்லை என்று கோமதியம்மாவிடம் தையல் நூல் கேட்டு வாங்கினேன். பெட்ரோல் பீச்சுகிற ஒயருக்குப் பச்சை, பொறி விடுகிற ஒயருக்குச் சிவப்பு, எர்த்துக்கு மஞ்சள் என்று ரெண்டு முனையிலும் முடிச்சு. எர்த்து பிடிக்கிற இடத்தில் கூட்டின் பெயின்ட்டைச் சுரண்டினேன். பெயின்ட் மேல் எர்த்து பிடித்தால் கரண்ட் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

சார் பெரிய தாளில் மைபேனாவால் அழகாகப் படம் வரைந்து ஷெட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்தார், என் முடிச்சுகளைப் பார்த்தார். "ஏய்யா வேலு, இது எஞ்சினா, திருவிழா ரிப்பன் கடையா?"

பொக்கைப் பல்

பழைய எஞ்சினில் டைமிங் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் லேசாகத் திருப்பி, சத்தத்தைக் கேட்டு நிறுத்திவிடுவேன். இதில் திருப்ப ஒன்றுமில்லை. எஞ்சின் முன்னால் பல் வைத்த ஒரு சக்கரம் சுற்றும். அதில் ஒரு பல் மட்டும் வேண்டுமென்றே இருக்காது. அந்தப் பொக்கை சென்சாருக்கு எதிரே வரும்போதுதான், பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

அந்தச் சக்கரத்தை மறைமலைநகரில் லேத்து வைத்திருக்கிற தாஸிடம் கொடுத்தோம், நடு ஓட்டையை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்லி. நல்ல வேலைக்காரன். வந்த சக்கரத்தை மாட்டி ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம், ஒரு பொறி வரவில்லை. கடைசியில் சார் பல்லை எண்ணினார். ஒன்று கூடுதலாக இருந்தது. போன் போட்டால் தாஸ் பெருமையாகச் சொன்னான்: "அதா? ஒரு பல்லு உழுந்து பூட்ருந்துச்சு அண்ணாத்த, நானே வெல்டு வச்சி ராவிக் குடுத்துட்டேன், தெரியவே தெரியாது பாரு."

சனிக்கிழமை டைமிங்

பல்லைப் பிடுங்கியாச்சு, பொறி வந்தாச்சு. இனி டைமிங். மாமல்லபுரத்துக் கரையில் படகு தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அலை உடைந்து முடிகிற நேரம் பார்த்துத் தள்ளணும். முந்தினால் படகு திரும்பி நம் காலை உடைக்கும், பிந்தினால் மணலில் உட்காரும். பொறியும் அப்படித்தான். பிஸ்டன் உச்சிக்கு வர ஒரு நூல் முன்னால் விழணும். உச்சி எது என்று முன்புறத்துப் புல்லிச் சக்கரத்தில் ஒரு அடையாளம் இருக்கும், பக்கத்தில் சுற்றாமல் நிற்கிற ஒரு முள்ளு இருக்கும். டைமிங் லைட்டை அடித்தால் சுற்றுகிற சக்கரம் நிற்கிற மாதிரி தெரியும். அடையாளம் முள்ளுக்கு நேராக வரும் வரை சார் லேப்டாப்பில் எண்ணை மாற்றுவார்.

முதல் சனிக்கிழமை லைட் அடித்தேன். பளிச்சென்று மூன்று வெள்ளைக் கோடு. நடுக்கோட்டை முள்ளுக்கு நேராக வைத்தோம். எஞ்சின் இருமிக்கொண்டே கொஞ்சம் ஓடியது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை போனால் அதே கோடு முள்ளைவிட்டு நாலு விரல் தள்ளி இருக்கிறது. மறுபடி வைத்தோம். ஸ்டார்ட்டர் எதிர்ப்பக்கம் உதைத்தது, காற்று இழுக்கிற வாயில் தீ கக்கியது. மூன்றாவது சனிக்கிழமை கோடு இன்னொரு இடத்தில். சென்சார் மாற்றினோம், பிளக் மாற்றினோம், என் மஞ்சள் முடிச்சையெல்லாம் அவிழ்த்துக் கட்டினோம். புல்லி வழுக்குகிறது என்றேன் நான். கம்ப்யூட்டர் மறக்கிறது என்றார் சார். அதற்குள் மல்லாட்டை பிடுங்கி, காயப்போட்டு, மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சார் லேப்டாப்பை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வேலு, வித்துப்போட்டா அவ சந்தோஷப்படுவான்னு நீ நெனைக்கே. மாட்டா. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

யார் போட்ட கோடு

நாலாவது சனிக்கிழமை கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது. களத்தில் முப்பது மூட்டை, மேலே தார்பாய். ஷெட்டு வாசலில், கோமதியம்மா சொன்னபடியே, காயலான் கடை டெம்போ வந்து நிற்கிறது. டெம்போக்காரரும் அவர் ஆள்கள் ரெண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு எஞ்சினைக் கண்ணாலேயே எடை போடுகிறார்கள். நான் கடைசியாக ஒரு தடவை என்று லைட்டை அடித்தேன். கோடு மறுபடி நகர்ந்திருந்தது.

கோமதியம்மா பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க, சாதாரணமாகத்தான்: "இன்னா அண்ணே, வாரா வாரம் என் விபூதி மேலயே லைட்டு அட்ச்சிகினு கீற?"

நான் லைட்டை அணைத்தேன். அவங்க வெள்ளிக்கிழமை தோறும் எஞ்சினுக்கு முன்னால் கற்பூரம் காட்டி, பழைய பட்டையைத் துடைத்து, புதுசாகக் குழைத்துப் பூசுவாங்களாம். எஞ்சின் எந்த வாக்கில் நின்றிருக்கிறதோ, அந்தப் புல்லிச் சக்கரத்தில் எந்தப் பக்கம் மேலே தெரிகிறதோ அங்கே. காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதைக் கம்பெனிக் கோடு என்று நான் நினைத்தேன். வேலு போட்ட பெயின்ட் என்று சார் நினைத்தார். மூன்று கோடு பார்த்தால் நெற்றி ஞாபகம் வரவேண்டாமா? எங்கள் ரெண்டு பேர் நெற்றியிலும் அதேதான் இருந்தது. நான் தலையைச் சொறிந்துகொண்டு, வண்டி கெட்டதற்கு விபூதிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். அவங்களே சொல்லிவிட்டாங்க: "சாமி சரியாத்தான் கீது. நீங்க ரெண்டு பேரும் கும்புட வேண்டியத அளந்துகினு இருந்தீங்க."

ஷெட்டு

டெம்போக்காரர் வரும் வழியில் வாங்கிக் குடித்த இளநீரின் ஸ்ட்ரா டெம்போ சீட்டில் கிடந்தது. அதை எடுத்து, பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் விட்டேன். நான் எஞ்சினைக் கையால் திருப்பத் திருப்ப ஸ்ட்ரா மேலே ஏறியது. கோமதியம்மா குனிந்து அதையே பார்த்தாங்க. "ஏறுது, ஏறுது, நின்னுச்சி. இப்ப எறங்குது, கொஞ்சம் பின்னால வா அண்ணே." அதுதான் உச்சி. புல்லியில் முள்ளுக்கு நேரே கிரீஸைச் சுரண்டினால், அரிசி அளவுக்கு ஒரு வெட்டு. நிஜமான அடையாளம் அவ்வளவு காலமும் அங்கேயே இருந்திருக்கிறது. பிளக்கை மாட்டி அந்த வெட்டுக்கு லைட் அடித்தேன், சார் எண்ணை மாற்றினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு சுற்றுதான் சுற்றியது, பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை. தையல் மிஷின் மாதிரி ஒரே சீரான சத்தம். டெம்போக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பேஜாரு" என்றார்.

சார் ஏறி உட்கார்ந்தார், பக்கத்தில் நான். ஷெட்டைவிட்டு வெளியே வந்து, சவுக்குத் தோப்பைச் சுற்றி அந்த ஒரு மைல் மண் பாதையில் போனோம். சார் முதல் கியருக்கு மேல் போகவே இல்லை. இன்னொரு சுற்று என்று விரலைக் காட்டினார். அதையும் சுற்றித் திரும்பும்போது முதல் தூறல் விழுந்தது.

வந்து பார்த்தால் ஷெட்டு பூட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், முப்பது மூட்டையும் உள்ளே. வந்த டெம்போ சும்மா எதற்குத் திரும்பணும் என்று, காயலான் கடை ஆள்களை வைத்தே களத்திலிருந்து ஏற்றி அடுக்கி முடித்துவிட்டாங்க அந்த அம்மா. சாவி முந்தானையில் முடிச்சாகத் தொங்குகிறது. சார் நனைந்துகொண்டே, "கோமதி, வண்டிய எங்க விட?" என்றார். அவங்க மூட்டைக்குப் போர்த்தியிருந்த தார்பாயை உதறி, காரின் மேல் வீசிப் போட்டாங்க. "ஓட்ற வண்டிக்கு இன்னாத்துக்குங்க ஷெட்டு?"

நாற்பது வருஷமாக எஞ்சினுக்கு டைமிங் வைத்தவன் நான், டைமிங் என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த முந்தானை முடிச்சில்தான் பார்த்தேன்.