வலிக்காத கால்

சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரிடமும் சொன்னதில்லை. தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். பென்னலூரில் தனி அறை.

ஒரு நாள் பட்டறைத் தரையில் ரத்தத் தடம். "யாருக்குப்பா அடி?" என்று பக்கத்து மிஷின் தாஸ் கத்தினான். எல்லோரும் தங்கள் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள் ஒன்று என் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

தாஸ் அதைப் பிடுங்கினான். நான் முகம்கூடச் சுளிக்காததைப் பார்த்து, "சக்கரையாண்ணே? வூட்ல யாரும் காலைப் பாக்கறதில்லியா?" என்றான்.

"யாருமில்லப்பா. வெளிய சொல்லிடாத."

"சொல்லல. தெனம் என்கிட்ட காட்டு. நாறுனா திட்டுவேன்."

மறுநாள் கூச்சத்தோடு காட்டினேன். "ஒண்ணுமில்லண்ணே" என்று அவன் சொன்ன பிறகுதான் நானும் குனிந்து பார்த்தேன். அறையில் தனியாக அந்தப் பாதத்தைப் பார்க்கவே பயந்தவன் நான்.