புதருக்குள் ஆள் இருக்கிறார்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் நண்பர் ஸ்டீபனின் புருவத்தில் ஒரு தவளை தொங்கிக்கொண்டிருந்தது.

மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டுகிற ரப்பர் தவளை. பச்சை உடம்பு, காலுக்குப் பதிலாக இரண்டு நூல் குஞ்சம், வயிற்றுக்கு அடியில் இரட்டை முள். அதில் ஒரு முள் அவருடைய இடது புருவத்துக்குள் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே என்றால் கண்.

ஸ்டீபன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஒரகடத்துப் பக்கத்துக் கிராமம்தான் சொந்த ஊர். அவருக்குக் கண் என்பது சம்பளம், லைசென்ஸ், வீடு எல்லாமும்தான்.

எப்படி நடந்தது?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் ஞாயிறுதோறும் குன்றத்தூரிலிருந்து கிளம்பிப் போய்த் தூண்டில் போடுகிறவன். மீன் பிடிக்கிறவன் என்று ஒருநாளும் சொன்னதில்லை! வல்லக்கோட்டை தாண்டி ஒரு ஏரி. குத்தகைக்காரர் எப்போதாவது வலை போடுவார். தூண்டில்காரர்களை அவர் கண்டுகொள்வதில்லை. அதனால் வார விடுமுறையில் யார் வேண்டுமானாலும் வருவார்கள். ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள், ஹாஸ்டல் பையன்கள், என்னைப் போல வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வருகிறவர்கள்...

போர்டு எதுவும் கிடையாது. ஆனால் சட்டம் உண்டு. கரையில் ஒரு கல்லின் மேல் பை இருந்தால் அந்த இடம் ஆள் வந்த இடம். அடுத்தவர் நூலுக்குக் குறுக்கே வீசக்கூடாது. ‘ஏதாவது மாட்டிச்சா’ என்று கேட்கலாம். எங்கே மாட்டியது என்று கேட்கக்கூடாது. இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. முறைத்துப் பார்ப்பார்கள். புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டீபன் அந்தச் சமயத்தில் ஒரே ஒரு விராலின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். பழைய மதகுக்குப் பக்கத்து மூலையில் அது இருந்தது. விரால் அவ்வப்போது தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். அப்படி வந்தபோது அதன் தலையைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

‘‘தலையே இம்மாம் பெருசு கீது சார்’’ என்று முஷ்டியை மடக்கிக் காட்டுவார்.

அந்த மூலையில் காட்டாமணக்குப் புதர் மண்டிக் கிடக்கிறது. விராலுக்கு நிழல் ஆடினால் போதும், போய்விடும். ஆகவே ஸ்டீபன் பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, விடிவதற்கு முன்பே வந்து புதருக்குள் குந்திக்கொள்வார். பையையும் உள்ளேயே வைத்துக்கொள்வார். பக்கத்தில் போய் நின்றால்கூட ஆள் இருப்பது தெரியாது. நான் கொஞ்சம் தள்ளி, கரை மேல், சிக்கலான என் நூலைப் பிரித்துக்கொண்டிருப்பேன். அதுதான் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முழுநேர வேலை.

அன்றைக்கு ஒரு ஸ்கூட்டியில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி வண்டியிலேயே சாய்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இன்னொருத்தி தோளில் தூண்டில் ராடோடு சரிவில் இறங்கினாள். நடையைப் பார்த்தாலே புதியவள் இல்லை என்று தெரிந்தது. கால் சத்தமே இல்லை.

நேராக மதகு மூலைக்குப் போனாள்.

நான் ‘அங்கே ஆள் இருக்கிறார்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். புதருக்குள்ளிருந்து ஸ்டீபனின் கை மட்டும் வெளியே வந்து ‘வேண்டாம்’ என்று அசைந்தது. சத்தம் போட்டால் விரால் போய்விடுமே! சரி, அவர் பாடு என்று விட்டுவிட்டேன்.

அவள் புதருக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவர் புதருக்கு உள்ளே. இரண்டு பேருக்கும் எதிரே கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் விரால் வந்து ஒரு வாய் காற்று குடித்தது.

இருவரும் பார்த்தார்கள். அவள் வீசினாள். அதே நொடியில், தானும் வீசுவதற்காக ஸ்டீபன் இலைகளுக்குள்ளேயே பாதி எழுந்தார்.

தவளை தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை.

இதில் பயங்கரமானது அடுத்த கணம்தான். முள் செடியில் மாட்டிக்கொண்டது என்று அவள் நினைத்துவிட்டாள். செடியில் மாட்டினால் என்ன செய்வோம்? வெடுக்கென்று இழுப்போம். அவள் ராடைத் தூக்கினாள்.

‘‘இழுக்காத மா. இழுக்காத. ஆளு கீறேன்.’’

வாரக்கணக்கில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்த மனிதரின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் பயத்தில் ராடைக் கீழே போட்டிருந்தால்கூட நூல் இழுத்திருக்கும். போடவில்லை. ரீலைத் திறந்து நூலைத் தளர்த்திவிட்டாள். ராடைக் கையில் பிடித்தபடியே சேற்றில் ஓடிப் போனாள். சாவிக்கொத்தில் இருந்த நகவெட்டியால் நூலை வெட்டினாள்.

அதற்குப் பிறகுதான் சண்டை.

‘‘பொதரு மேல எவனாவது வீசுவானா? கண்ணு தெரியல?’’ என்றார் ஸ்டீபன். புருவத்திலிருந்து ரத்தம் கன்னத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

‘‘நான் தண்ணிக்குத்தான் வீசுனேன். பொதருக்குள்ள ஆள் இருக்காவன்னு எனக்கு எப்டிண்ணே தெரியும்?’’ என்றாள். ‘‘நான் வர்றத நீங்க பாத்தீயள்லா? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?’’

ஸ்டீபன் கர்சீப்பால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கார் சாவியை எடுத்தேன்.

மூன்று பேரும் என் காரில் ஒரகடத்தில் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோழி ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். ராடோடு வந்த பெண்ணின் பெயர் செல்வி. தென்காசிப் பக்கம். இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை. லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஊரில் அப்பாவோடும் அண்ணன்மாரோடும் குளத்தில் தூண்டில் போட்டுப் பழக்கம். ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்கு ஏழாவது நாள் தண்ணீரைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பின் சீட்டிலிருந்து யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். பயத்தில் சிலருக்குப் பேச்சு வரும்.

ஸ்டீபன் தலைக்கு மேலிருந்த வெயில் தடுப்பை இறக்கி, அதிலிருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். தவளை அவரைப் பார்த்தது.

‘‘நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் ட்ரிப்பு’’ என்றார்.

கேஷுவாலிட்டியில் ஓர் இளம் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டார். முள்ளின் நுனியில் பின்பக்கம் பார்த்த மாதிரி ஒரு பிசிறு இருக்கும். அப்படியே உருவினால் சதையோடு வரும். ஆகவே முள்ளை இன்னும் முன்னால் தள்ளி, நுனியை வெளியே எடுத்து, வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்பக்கமாக எடுத்தார். பிறகு கண்ணில் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். நாங்கள் அவருடைய முகத்தைப் பார்த்தோம்.

‘‘கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா வீக்கம் வத்தற வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது.’’

ஸ்டீபன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். செல்வி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன். ஹாஸ்டல் வார்டன். ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால் இன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று கணக்கு, அது தாண்டிப்போயிருந்தது. ‘‘ஹாஸ்பிட்டல்ல இருக்கேன்க்கா... எனக்கு ஒண்ணுமில்லக்கா...’’ என்று அவள் தடுமாறினாள். எதிர்முனைக் குரல் எங்களுக்கும் கேட்டது.

‘‘வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போறேன்னுதானே போன?’’

செல்வி வாரா வாரம் அப்படித்தான் சொல்லிவிட்டு ஏரியின் எதிர்க்கரைக்கு வருகிறாளாம். ஹாஸ்டலில் அவளுக்கு நல்ல பக்தை என்று பெயராம். தூண்டில் போடப் போகிறேன் என்று சொன்னால் எந்த வார்டன் கேட்டைத் திறப்பார்? உண்மை தெரிந்தால் இனி ஞாயிற்றுக்கிழமையும் உள்ளேயேதான்.

ஸ்டீபன் கையை நீட்டினார். போனை வாங்கினார்.

‘‘அம்மா, என் பேரு ஸ்டீபன். பஸ் டிரைவர். வல்லக்கோட்டை தாண்டி எனக்கு அடிபட்டுச்சு. இந்தப் பொண்ணுதான் கூட வந்து ஆஸ்பத்திரில சேத்துது. நல்ல பொண்ணுமா. திட்டாதீங்க.’’

யோசித்துப் பாருங்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை!

திரும்பும் வழியில் செல்வியை ஹாஸ்டல் தெருமுனையில் இறக்கிவிட்டோம். அவள் போன பிறகு ஸ்டீபன் தானாகவே பேச ஆரம்பித்தார்.

‘‘சத்தம் குடுத்தா மீனு பூடும்னுதான் சும்மா இருந்தேன் சார்.’’ புருவத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ‘‘அதுகூட இல்ல. குரல் குடுத்தா, இந்தாண்ட நல்ல மீனு கீதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிடும்ல? அதான்.’’

இதைத்தான் நான் மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பொது இடத்தில் நாகரிகம் என்றால், பின்னால் வருகிறவர் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்றே நினைக்கிறோம். சரிதான். முன்னால் வந்தவருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டியது யார் வேலை? பஸ் ஜன்னல் வழியாகக் கர்சீப் போடுகிறோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து நாற்காலியில் கை வைத்துக்கொள்கிறோம். அங்கெல்லாம் சொல்லிவிடுகிறோம் — ஏனென்றால் சொன்னால் லாபம். சொன்னால் பங்கு போய்விடும் என்கிற இடத்தில் மட்டும் புதருக்குள் போய்விடுகிறோம். அப்புறம் யாராவது மேலே வந்து விழுந்தால், கண் தெரியவில்லையா என்று கேட்கிறோம்.

ஸ்டீபனுக்கு வீக்கம் சீக்கிரமே வற்றிவிட்டது. அந்த வாரமே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். புருவத்தில் சின்னக் கோடு மட்டும் மிச்சம்.

போன ஞாயிறு அவர் மறுபடியும் மூலைக்குப் போனார். பை வெளியே, கல்லின் மேல் இருந்தது. செல்வி வருவாளா என்று எனக்குச் சந்தேகம். இத்தனைக்குப் பிறகு யார் வருவார்கள்?

வந்தாள். சரிவில் இறங்குவதற்கு முன், கரை மேலேயே நின்றுகொண்டு, ‘‘அண்ணே, இருக்கீயளா?’’ என்றாள். மெதுவாகத்தான்.

‘‘கீறேன்மா. இங்க வா. அது இங்கதான் கீது.’’

பேசினால் மீன் போய்விடும் என்றார்களே? போகவில்லை. கொஞ்ச நேரத்தில் விரால் மேலே வந்தது. ஸ்டீபன் தன் ராடை மடியில் வைத்துக்கொண்டு, ‘‘நீ வீசு’’ என்றார். அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு வீசினாள். தண்ணீர் வெடித்தது போலச் சத்தம். ராட் வில்லாக வளைந்தது. ஸ்டீபன் பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கி, அதைச் செவுளில் பிடித்துக் கரையேற்றினார். முஷ்டி அளவு தலை என்று அவர் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை.

ஹாஸ்டலில் எங்கே சமைப்பது? ஆகவே மீன் ஸ்டீபன் வீட்டுக்குப் போனது. அவருடைய மனைவி மேரி வைத்த குழம்பு, மாலையில் ஒரு பெரிய டப்பாவில் ஹாஸ்டலுக்குப் போனது. அடிபட்ட அண்ணன் வீட்டில் கொடுத்தார்கள் என்று செல்வி சொன்னாளாம். அதுவும் பொய் இல்லை. வார்டன் அக்காவும் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாராம். சாப்பிட்டுவிட்டு, ‘‘வாரா வாரம் நீ போற அந்தக் கோயிலுக்கு வர்ற ஞாயிறு நானும் வரேன்’’ என்றாராம்.

ஆக, இந்த வாரம் செல்வி நிஜமாகவே முருகனைப் பார்த்துவிடுவாள்.