மூன்றடி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம், பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்பேர்னின் ரோவில் பகுதியில் என் மகள் பாஸ்கெற்போல் விளையாடப் போகும்போதெல்லாம் நான் காரிலேயே இருந்துவிடுகிறேன். உள்ளே போனால், எழுபதுகளின் கடைசியில் ஒரு மாலை அதுபோன்ற பளபளத்த பலகைத் தரையில் என் அண்ணாவின் மனைவி, எனக்கு மச்சாள், பந்தை நெஞ்சோடு பிடித்தபடி அசையாமல் நின்றது கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

நாங்கள் இருவரும் மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தோம். மத்தியானச் சாப்பாட்டில் எங்களோடு ஒருவரும் வந்து இருப்பதில்லை. எனக்கு அது பழகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடமே பெயர் சொல்லிக் கூவிய நெற்போல் விளையாட்டுக்காரியான மச்சாளுக்குப் பழகவில்லை. இன்று மாலை பாஸ்கெற்போல் ஆட்டம், பெண்கள் அணிக்கு ஓராள் குறைகிறது என்று லத்வியாக்காரியான சுப்பவைசர் சொன்னதும் கையை உயர்த்திவிட்டார்.

"எங்கட நெற்போலுக்கு இங்கத்தப் பெயர்தான் பாஸ்கெற்போல். கூடைக்குள்ள போடுறதுதானே? நீர் வந்து பாரும், பிறகு எல்லாரும் எங்களோட கதைப்பினம்."

மண்டபத்தில் வளையத்துக்குப் பின்னால், எங்கள் நெற்போலில் இல்லாத ஒரு பலகை இருந்தது. "காசுள்ள நாடு, பந்து வெளியில போகாமல் மறைச்சிருக்கினம்" என்றார். நானும் நம்பினேன்.

நெற்போலில் பந்தைப் பிடித்தால் ஓடக்கூடாது. எதிராளி மூன்றடி தள்ளி நிற்கவேண்டும். மச்சாள் அழகாகப் பிடித்து, ஒரு காலை ஊன்றி நின்றார். அந்த மண்டபத்தில் நான் மட்டும் கைதட்டினேன். மூன்று பெண்கள் பாய்ந்து பந்தைப் பறித்தார்கள். மச்சாள் நடுவரைப் பார்த்து, "த்ரீ ஃபீற்! த்ரீ ஃபீற்!" என்று கத்தினார். அவர்களுக்கு அது மூன்று கால் என்று கேட்டது. ஒருத்தி குனிந்து தன் கால்களை எண்ணி, "எனக்கு இரண்டுதான், அன்பே" என்றாள். மண்டபமே சிரித்தது. அடுத்த முறை பந்து வந்தபோதும் மச்சாள் நின்றார். என் கைதட்டலை நம்பித்தான் நின்றாரோ என்று இன்றைக்கும் கூசுகிறது.

சுப்பவைசர் அவரை வெளியே எடுத்து, ஓரத்து வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னார். அமெரிக்காவில் ஓர் ஆசிரியர் பழக்கூடைகளை மாட்டித் தொடங்கிய விளையாட்டாம். பந்து விழுந்தால் ஏணி வைத்து எடுத்தார்களாம். இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களுக்கென்று மாறி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஒன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கப்பலில் வந்த தன் ஊர்க்காரர் மெல்பேர்ன் மண்டபங்களில் பரப்பியது மற்றது. சில வருடங்களுக்கு முன்வரை இங்கேயும் நெற்போலைப் பெண்கள் பாஸ்கெற்போல் என்றுதான் சொன்னார்களாம்.

அதை நான் தமிழில் சொன்னேன். மச்சாள் தலை நிமிரவில்லை.

பஸ்ஸில், "தோத்திட்டம் எண்டு மட்டும் உம்மட அண்ணாவிட்டச் சொல்லும்" என்றார்.

மறுநாள் அணிக்கு வேறொரு பெண்ணைச் சேர்த்தார்கள். சாப்பாட்டு அறைக்கு வராமலிருக்க மச்சாள் அன்று சாப்பாடே கொண்டுவரவில்லை.